ஷாட் போடாமலே தோற்றது

ஹூஸ்டன், டெக்சாஸ்
10.4.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் சௌக்கியம்தானே? ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "ஃபைனல் முடிஞ்சதும் ஒண்ணு விடாம எழுது, பசங்களுக்குச் சொல்லணும்" என்றீர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஃபைனல் திங்கட்கிழமை ராத்திரி முடிந்துவிட்டது. ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. நீங்கள் செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்கூடம் கிளம்பிய நேரமாக இருக்கும். இந்த ஊர் முழுக்க அந்த இரண்டு புள்ளியில்தான் இன்னும் நிற்கிறது.

முதலில் இந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் அமெரிக்காவில் 68 கல்லூரி அணிகளைப் பொறுக்கி எடுத்து ஆடவிடுவார்கள். ஒரு ஆட்டம் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். லீக் கிடையாது, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பட்டம் வாங்க வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மே மாதம் பெரியகுளத்தில் நடக்கிற அகில இந்திய போட்டிக்கு ஊரே திரண்டு வருவதை நீங்கள் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறீர்கள். இங்கே ஒரு தேசமே மூன்று வாரம் அப்படி இருக்கிறது. ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள், மளிகைக்கடையில் பில் போடுகிற பெண், யாராக இருந்தாலும் யார் எந்தச் சுற்றில் ஜெயிப்பார்கள் என்று அட்டவணை நிரப்பி வைத்திருப்பார்கள்.

ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியின் பெயர் கூகர்ஸ். கூகர் என்பது மலைகளில் திரிகிற ஒருவகைப் பெரிய பூனை. இங்குள்ள தமிழர்கள் நிதி திரட்டித் தமிழ் இருக்கை அமைக்க முனைந்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான், அதனால் நம்மவர்களுக்கும் இது சொந்த அணி மாதிரி. ரசிகர்கள் வலது கையில் மோதிர விரலை மடக்கிக் காட்டுவார்கள். 1953-ல் பல்கலைக்கழகம் வளர்த்த ஷாஸ்டா என்ற கூகர் பயணத்தில் ஒரு விரலை இழந்ததாம். எதிரணிக்காரர்கள் அதைக் கிண்டல் செய்து விரலை மடக்கிக் காட்ட, ஹூஸ்டன்காரர்கள் அதையே தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஃபைனல் நடந்த சான் அன்டோனியோவுக்கு இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். அந்த நெடுஞ்சாலையில் சிவப்புச் சட்டைதான்.

பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்ஸன், வயது 69. ஜெயித்திருந்தால் இந்தப் பட்டம் வாங்கிய மிக மூத்த பயிற்சியாளர் அவராகத்தான் இருந்திருப்பார். 2014-ல் இங்கே வந்தார். ரீபவுண்ட், அதாவது தவறித் தெறித்து வருகிற பந்தைப் பிடிப்பது; அதன் பயிற்சிக்கு ரிங்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பொருத்திவிடுவார். எந்த ஷாட்டும் உள்ளே போகாது, எல்லாமே தெறித்து வரும், பத்துப் பேரும் அடித்துப் பிடித்து எடுக்க வேண்டும். தரையில் உருளும் பந்துக்குப் பாய்வதற்கும் தனிப் பயிற்சி உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

இந்த சீசனில் 35 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்திலும் வித்தியாசம் ஐந்து புள்ளியைத் தாண்டவில்லை. அதில் மூன்று ஓவர்டைமில், அதாவது சமனாகிக் கூடுதல் நேரத்தில், போனவை. இந்த அணியை யாரும் அடித்து நொறுக்கவில்லை, சித்தப்பா. அதனால்தான் வலி அதிகம்.

நீங்கள் ரெஃப்ரியாக நிற்பவர், ஒரு விதி வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும். நம் ஆட்டம் பத்து நிமிஷம் வீதம் நான்கு குவார்ட்டர், ஷாட் போட 24 செகண்ட். இங்கே ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி, ஷாட்டுக்கு 30 செகண்ட். டீம் ஃபவுல், அதாவது அணி மொத்தமாகச் செய்த ஃபவுல்களின் கணக்கு, பாதிக்குப் பாதிதான் அழியும். ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஒரு புள்ளி ஷாட். அது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். முதலாவது தவறினால் பந்து உயிரோடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பத்தாவது ஃபவுலிலிருந்துதான் முழுசாக இரண்டு.

சனிக்கிழமை அரையிறுதியில் ட்யூக் பல்கலைக்கழக அணியை ஜெயித்ததே இந்த விதியால்தான். எட்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது ஹூஸ்டன் 14 புள்ளி பின்தங்கி இருந்தது. அதற்குப் பிறகு ட்யூக்கைத் திணறடித்துவிட்டார்கள். அரை நிமிஷம் இருக்கும்போது ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளி ஒன்று போட்டான், ட்யூக் முன்னிலை 67-64. ட்யூக் வெளியிலிருந்து எறிந்த பந்தைப் பறித்தார்கள், அடுத்த ஷாட் தவறியது, ஜோசப் டக்லர் ரீபவுண்டை எடுத்து அப்படியே ரிங்கில் அடித்தான், 67-66. ஃபவுல் செய்து ட்யூக் பையனை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பினார்கள். முதல் ஃப்ரீ த்ரோ தவறியது. ரீபவுண்டுக்கு எழும்பிய ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸின் முதுகின் மேல் ட்யூக்கின் கூப்பர் ஃப்ளாக் விழ, ஃபவுல். 19.6 செகண்ட் மிச்சம். ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டான். 70-67 என்று முடிந்தது. இப்படி ஜெயித்த அணி இரண்டு நாளில் இப்படித் தோற்றது.

ஃபைனலில் பாதியாட்டத்தில் ஹூஸ்டன் 31-28. இரண்டாம் பாதி தொடங்கி நான்கு நிமிஷத்துக்குள் 42-30. பன்னிரண்டு புள்ளி முன்னிலை. ஃப்ளோரிடாவின் முக்கிய ஆட்டக்காரன் வால்டர் கிளேட்டன் ஜூனியர் அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக 34 புள்ளி எடுத்தவன். அவனை முதல் பாதி முழுக்கப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டார்கள். அவனுக்காக யாராவது ஸ்க்ரீன் போட்டால், அதாவது அவனைக் காப்பவனின் வழியை மறித்து நின்றால், ஹூஸ்டனின் உயரமான பையனும் வெளியே பாய்ந்து வருவான்; இரண்டு பேர் சேர்ந்து அவன் மேல் ஏறி, பந்தைக் கையைவிட்டுப் போகவைப்பார்கள். அதற்கு விலை உண்டு. பின்னால் மூன்று பேர் நான்கு பேரைக் காக்க வேண்டும், கால் சோர்ந்தால் அரை அடி தாமதமாகும், அரை அடி தாமதம் ஃபவுலாக மாறும். முதல் பாதியில் வில் ரிச்சர்ட் ஃப்ளோரிடாவைத் தாங்கினான், மொத்தம் 18 புள்ளி. பிறகு கிளேட்டன் விழித்துக்கொண்டான். எட்டு நிமிஷம் இருக்கையில் 48-48. அவன் எடுத்த 11 புள்ளியும் இரண்டாம் பாதியில் வந்தவைதான்.

மொத்த நாற்பது நிமிஷத்தில் ஃப்ளோரிடா முன்னிலையில் இருந்தது சுமார் ஒரு நிமிஷம்தான் என்றால் நம்புவீர்களா? அதில் பெரும்பங்கு கடைசி 46 செகண்ட். ஃப்ளோரிடாவின் அலைஜா மார்ட்டின் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 64-63 ஆக்கினான்.

இனிமேல்தான் ரசிகர்கள் ராவெல்லாம் பேசிக்கொண்டிருக்கிற இடம். எல்லோரும் கடைசிப் பந்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அதற்கு முந்தின பந்தைத்தான் பெரிய தப்பாக நினைக்கிறேன்.

46 செகண்ட், ஒரு புள்ளி பின்னால், பந்து நம் கையில். பத்து செகண்டுக்குள் ஒரு நல்ல ஷாட்டைப் போட்டுவிட்டால், அது தவறினாலும், ஃப்ளோரிடா தன் 30 செகண்டைக் கரைத்தாலும், நமக்கு ஐந்தாறு செகண்டாவது மிஞ்சும். ஃபவுல் செய்ய வேண்டிய கட்டாயம் வராது. ஆனால் ஹூஸ்டன் 20 செகண்ட் எடுத்துக்கொண்டது. ஷார்ப் உள்ளே நுழையப் பார்க்கையில் ரிச்சர்ட் கைவைக்க, பந்து ஷார்ப் மேல் பட்டு வெளியே போயிற்று. கடிகாரத்தில் 26.5. ஷாட் கிளாக் 30. அதாவது ஃப்ளோரிடா ஷாட்டே போடாமல் ஆட்டத்தை முடித்துவிடலாம். வேறு வழியில்லாமல் ஃபவுல். டென்ஸல் அபர்டீன் இரண்டில் ஒன்றைப் போட்டான், 65-63. 19.7 செகண்ட்.

இப்போது தேவை இரண்டு புள்ளி. மூன்று இல்லை. இரண்டு வந்தால் ஓவர்டைம்.

பந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஷார்ப்பிடம் வந்தது. அவன் ஷாட்டுக்காக எழும்பினான். கிளேட்டன் முழு வேகத்தில் ஓடிவந்து அவன் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி எழும்பினான். காற்றில் இருக்கும்போதுதான் ஷார்ப்புக்குத் தெரிந்தது, போட்டால் பிளாக் ஆகும் என்று. பந்தோடு தரையில் இறங்கினால் ட்ராவலிங், பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் பந்தைக் கீழே விட்டுவிட்டான். பந்து தரையில் துள்ளிற்று. அவன் பக்கத்திலேயே நிற்கிறான், கை எட்டும் தூரம், தொட முடியாது. ஷாட்டுக்காக எழும்பியவன், வேறு யார் கையும் படாமல், தானே விட்ட பந்தைத் தானே தொட்டால் ட்ராவலிங். அங்கேயும் அதே விதிதான், உங்களுக்குத் தெரியாததா? ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல். ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் மேலே விழுந்து பிடித்தான். மணி அடித்தது. ரிங்கை மூடி வைத்து ரீபவுண்ட் பழகிய, தரையில் பாய்ந்து பழகிய அணி, தரையில் துள்ளிய ஒரு பந்தில் சீசனை விட்டது.

ஷாட்டைப் போடுவதுபோல் ஏமாற்றிவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும், இரண்டு புள்ளியே போதும் என்றுதான் சாம்ப்ஸனும் பிறகு சொன்னார். ஷார்ப்பை யாரும் திட்டவில்லை, இது எனக்கு ஆறுதல். அவன் போட்ட மூன்று புள்ளி இல்லாவிட்டால் ஃபைனலே கிடையாது. அவன் அப்பா டெரிக் ஷார்ப் 2004-ல் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் அணிக்காகக் கடைசி நொடியில் மூன்று புள்ளி போட்டு அணியைக் காப்பாற்றியவர். அந்த ரத்தம்தான், கடைசி ஷாட்டைக் கேட்டு வாங்குகிற பையன்.

வயதானவர்கள் உடனே 1983-க்குப் போய்விடுகிறார்கள். அந்த வருஷம் ஹக்கீம் ஒலாஜுவான், க்ளைட் ட்ரெக்ஸ்லர் இருந்த ஹூஸ்டன் அணி 26 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து ஃபைனல் போயிற்று. அப்போது ஷாட் கிளாக் கிடையாது. முன்னிலை கிடைத்ததும் ஹூஸ்டன் வேகத்தைக் குறைத்துப் பந்தை வைத்துக்கொண்டது. நார்த் கரோலினா ஸ்டேட் வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஹூஸ்டன் 19-ல் 10 மட்டுமே போட்டது. 52-52. டெரெக் விட்டன்பர்க் தூரத்திலிருந்து எறிந்த பந்து ரிங் வரைக்கும்கூட வரவில்லை. லொரென்ஸோ சார்ல்ஸ் அதைக் காற்றில் பிடித்துப் போட்டுவிட்டான். 54-52. அடுத்த வருஷமும் ஃபைனல், ஜார்ஜ்டவுனிடம் 84-75. இப்போது மூன்றாவது. மூன்று ஃபைனல், மூன்றும் தோல்வி. ஒருமுறைகூடப் பட்டம் இல்லை.

ராபர்ட்ஸ் போகிறான், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கல்லூரிப் பையன்களுக்கு நான்கு வருஷம்தான் ஆட அனுமதி. கொரோனா வருஷத்தைக் கணக்கில் சேர்க்காததாலும், ஆடாமல் உட்கார்ந்த ஒரு வருஷத்தாலும் அவனுக்கு ஆறு வருஷம் கிடைத்தது. 2019-லிருந்து இதே சட்டை. இப்போதெல்லாம் வருஷா வருஷம் கல்லூரி மாறுகிறார்கள், மாறினால் பணமும் கிடைக்கிறது. ஆறு வருஷம் ஒரே இடத்தில் இருந்தவனை இனி எப்போது பார்ப்போமோ. ஃபைனலில் 19 புள்ளி எடுத்த எல்.ஜே. க்ரையரும் முடித்துவிட்டான். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டிதான் அவன் ஊர்.

பையன்களுக்கு எதைச் சொல்லலாம் என்று கேட்டீர்கள். மூன்று விஷயம் செய்யவையுங்கள்.

மூன்று புள்ளிக் கோட்டருகே பந்தை வாங்கினதும், முழங்கால் மடங்கியபடியே, பந்தை நெற்றி உயரம்வரை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டும். பாதம் தரையைவிட்டு எழும்பக்கூடாது. எதிராளி பறந்து வருவான். அவன் தோளை ஒட்டி ஒரே ஒரு டிரிப்பிள், அதாவது பந்தை ஒருமுறை தரையில் தட்டி நகர்ந்து, நின்று ஷாட். நம் பையன்கள் பந்தைத் தூக்கும்போதே முழங்காலையும் நிமிர்த்திவிடுகிறார்கள். அப்புறம் டிரிப்பிள் போடக் காலில் பலம் இருக்காது. அங்கேதான் கெட்டுப்போகும்.

தெரியாமல் எழும்பிவிட்டால், கீழே விடாதே, ரிங்கைப் பார்த்து எறி என்று சொல்லுங்கள். பிளாக் ஆனாலும் எதிராளி கை பட்டுவிட்டது, தானே ஓடிப்போய் எடுக்கலாம். ரிங்கில் பட்டால் ரீபவுண்ட். காற்றில் போனாலும், உண்மையான ஷாட் என்றால் போட்டவனே எடுக்கலாம். கீழே விட்டால்தான் எதுவும் இல்லை.

மூன்றாவது, கடிகாரத்தில் 20 செகண்ட், இரண்டு புள்ளி பின்னால் என்று வைத்து ஐந்துக்கு ஐந்து விடுங்கள். ஆறு செகண்ட் மிச்சமிருக்கும்போது ஷாட் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும், அப்போதுதான் ரீபவுண்ட் எடுத்துத் திரும்பப் போட நேரம் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஷாட் போகாமல் நேரம் முடிந்தால் அந்த அணி கோர்ட்டைச் சுற்றி ஓடட்டும். ஷாட் போய்த் தவறினால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

வலை கிழிந்துவிட்டது என்று போனில் சொன்னீர்களே, இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் ஊருக்கு வருகிற நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். கொக்கி பன்னிரண்டும் சரியாக இருக்கிறதா என்று ரிங்கைப் பார்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் கொக்கியும் சேர்த்து அனுப்புகிறேன். சித்தி மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி