வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டிய நன்றி

பாடாங் செராய் மக்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் டாமான் குடியிருப்பிலிருந்து 34 பேர் பினாங்குக்குப் போய், ஜார்ஜ்டவுன் தெருக்களில் இருக்கும் சிலைகளையும் சுவரில் மாட்டியிருக்கும் இரும்புக் கம்பிச் சிற்பங்களையும் நடந்தே பார்த்துவிட்டு வந்தோம். பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். மற்றவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். உதவியவர்களிடம் நேரில் நன்றி சொன்னால் "அட, இதுக்கெல்லாமா" என்று கையை ஆட்டிவிடுகிறார்கள். அதனால் எழுதிப் போடுகிறேன்.

முதலில் பஸ் அண்ணன். நாங்கள் முன்பணம் கட்டியிருந்த பஸ் வராது என்று முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குச் சொன்னார்கள். (பணம் இன்னும் திரும்பவில்லை. சரி, அது வேறு கதை.) தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் தன் பஸ்ஸை, ஓய்வு நாள் என்றும் பார்க்காமல், டீசல் காசுக்கு மட்டும் எடுத்து வந்தார் அண்ணன். விடியும் முன்பே 40 பொட்டலம் நாசி லெமாக் கட்டிக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி. சம்பலில் நெத்திலியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அந்தக் கரையில் இறங்கியதும் வழிகாட்டித் தம்பி காத்திருந்தார். நேராக மணிக்கூண்டுப் பக்கம் உள்ள பாக்குச் சிற்பத்துக்குத்தான் கூட்டிப் போனார். பினாங்கு என்ற பெயரே பாக்கிலிருந்து வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் கூட்டத்தில் மூத்த பாட்டி வெற்றிலைப் பையைத் திறந்துவிட்டார். "இம்மாம்பெரிய பாக்க எந்தப் பாக்குவெட்டியால வெட்டுறது?" அதன் பிறகு தம்பி சொன்னதைவிடப் பாட்டி கேட்டதைத்தான் பிள்ளைகள் கவனித்தார்கள்.

மணிக்கூண்டு விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. போரில் விழுந்த குண்டுகளால் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையில், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை இருக்கிறது. அவர் முகம் எப்படி இருந்தது என்று காட்டும் படம் இல்லாததால் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்து 1936இல் வடித்தார்களாம். "அப்போ அப்பனுக்கு மகன் சாடையா?" என்றார் பாட்டி.

அப்புறம்தான் கம்பிச் சிற்பங்கள். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமான பிறகு, பினாங்கு அரசு நடத்திய போட்டியில் வென்ற யோசனை இது. மொத்தம் 52. பாபா சுவா, ரெஜி லீ, லெஃப்டி போன்ற கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்ததைக் கம்பியில் வளைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எங்களோடு வந்த வெல்டிங் கடை அண்ணனுக்கு இங்கே தனியாக நன்றி. 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு துளைத்த கதையைச் சொல்லும் லெபோ கெனன் (கெனன் தெரு) சிற்பத்தின் முன் நின்று, எந்த வளைவு ஒரே கம்பி, எங்கே ஒட்டு என்று விரலால் காட்டினார். அதற்குப் பிறகு பிள்ளைகள் படத்தைப் பார்க்கவே இல்லை, ஒட்டுத்தான் தேடினார்கள்.

வழியில் நாசி கண்டார் கடையைக் காட்டி, அந்தக் காலத்தில் தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தூக்கி விற்றதால் வந்த பெயர் என்றார் தம்பி. பாட்டி நின்றுவிட்டார். "எங்க காண்டாதானே அது!" தோட்டத்தில் பால் வாளி தூக்கும் கம்பைத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம் குடையை வாங்கித் தோளில் வைத்து, இரண்டு வாளிப் பாலோடு மேட்டிலிருந்து ஸ்டோருக்கு இறங்குவது எப்படி என்று நடந்தே காட்டினார். அடி சின்னதாக வைக்க வேண்டும். வாளி ஆடும் பக்கம் உடம்பும் ஆட வேண்டும், எதிர்த்தால் பால் கொட்டும், தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் ஏச்சு. பிள்ளைகள் பின்னாலேயே ஆடிக்கொண்டு போனார்கள். தம்பிக்கு இருபது நிமிடம் போனது. ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவரும் கேட்டுக்கொண்டு நின்றார். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதற்காகத்தான்.

லெபோ முந்திரிக்குப் போகும் வழியில் ஒரு பையனின் சப்பாத்து அடி பிய்ந்துவிட்டது. அங்கிருந்த மளிகைக் கடைக்காரர் ஒரு ஜோடி சிலிப்பர் எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்றார். அந்தச் சிலிப்பரோடு போய்த்தான் அவன், உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ இங்கேதான் காலணித் தொழில் பழகினார் என்று சொல்லும் சிற்பத்தைப் பார்த்தான். கடைக்காரரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். பினாங்குக்குப் போகிறவர்கள் யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு கறுப்புக் குடை பஸ்ஸில் கிடந்தது. பாட்டி தன்னுடையது இல்லை என்கிறார். உரியவர் மண்டபத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளவும்.