செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மூன்று டிஸ்க்கும் ஒரு வருஷச் சண்டையும்

நம் கிருஷ்ணகிரி சினிமா சங்கத் தலைவருக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், வந்து உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராமல் குரூப்பில் கைதட்டும் பொம்மை மட்டும் போடப்போகிறவர்களுக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்பச் சுருக்கம் என்று திட்டினீர்கள், அதனால் இந்த முறை நீளம். டீ வந்தால் நிறுத்துகிறேன்.

முதலில் அஞ்சலி. ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்காவாக வந்த உமா தாஸ்குப்தா 2024 நவம்பர் 18 அன்று காலமானார். இந்திப் பட இயக்குநர் ஷியாம் பெனகல் டிசம்பர் 23 அன்று. இருவருக்கும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம், பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் கூட்டம் இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, மாங்காய். பாதிப் பேர் மண்டியில், மீதிப் பேர் கூழ் ஃபேக்டரி ஷிப்டில், இன்னும் சிலர் மாங்கனிக் கண்காட்சியில் ஸ்டால் போட்டுக்கொண்டு. ஆகஸ்ட்டில் நடந்த கூட்டத்திற்கு ஆறு பேர் வந்தோம், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

சரி, இந்த வருஷத்தின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அபு என்கிற பையனின் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் வங்காளப் படங்கள் மூன்றும், 1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’, 1956 ‘அபராஜிதோ’, 1959 ‘அபுர் சன்சார்’, ஒரே பெட்டியாகப் போட்டிருக்கும் ப்ளூரே தொகுப்பை வாங்குவது என்று போன ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானித்தோம். கை தூக்கியவர்களில் சிலர் அப்புறம் "அது என்ன டிஸ்க், இந்தக் காலத்தில் யார் டிஸ்க் வாங்குவார்கள்" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1992இல் ரேக்கு கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோதுதான் அவருடைய படங்களுக்கு ஒழுங்கான பிரதிகளே இல்லை என்று அகாடமிக்காரர்களுக்கு உறைத்தது. ஏப்ரலில் அவர் இறந்தும் போனார். பிறகு பழுதுபார்க்க மூல நெகட்டிவ்களை கல்கத்தாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1993இல் அங்கே ஹென்டர்சன் லேபில் தீப்பிடித்தது. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது பின் வரிசையில் ஒருவர் பதறிப்போய், நம் ஊர் லண்டன்பேட்டை என்று நினைத்து, "நம்ம லண்டன்பேட்டையிலயா? எந்தத் தெருவுல?" என்று கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது என்று கெஞ்சினார். குறிப்பேட்டில் எழுதவில்லை, அறிக்கையில் எழுதிவிட்டேன்.

எரிந்து, சுருங்கி, ஓரம் உருகிப்போன சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. எந்த மெஷினிலும் ஓடாது என்று தெரிந்தும் அமெரிக்க அகாடமி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தது. ஏறத்தாழ இருபது வருஷம் அப்படியே கிடந்தது. பழைய படங்களை டிஸ்க்காகப் போடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வேலையைத் தொடங்கியபோது இத்தாலியில் பொலோனாவில் இருக்கிற லேபில் உட்கார்ந்து, காய்ந்த ஃபிலிமுக்கு ஈரம் ஏற்றி, உருகின ஓரத்தை நீக்கி, பல்சக்கரத் துளைகளைக் கையால் கட்டிச் சரிசெய்தார்கள். அந்தக் கை வேலை மட்டும் ஏறத்தாழ 1,000 மணி நேரம். கடைசியில் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மீதியை வேறு ஆவணக் காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து சேர்த்தார்கள். மூன்றாவது படத்தின் மூலம் தேறவேயில்லை, அது முழுக்க மாற்றுப் பிரதிகளிலிருந்து வந்தது. 2015இல் திரையிட்டு, அதே வருஷம் டிஸ்க்காகவும் வந்தது. நாம் வாங்குவதற்கு ஒன்பது வருஷம் ஆயிற்று, நம் வேகத்துக்கு அது பரவாயில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் உறுப்பினர் மகன் ஒருவர் ஊருக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே பெட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்தார். அவருக்கு நன்றி. பிரித்து, எல்லாரும் முகர்ந்து பார்த்து, பிளேயரில் போட்டால், திரையில் ஒரு வரி மட்டும்: இந்த டிஸ்க் இந்த மண்டலத்தில் ஓடாது. ப்ளூரேக்காரர்கள் உலகத்தை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்துப் பூட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்பது ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். தீயில் தப்பித்து, கடல் தாண்டி, கிருஷ்ணகிரி டோல்கேட் வரை தாண்டி வந்த படம் ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டது. பொருளாளர் அண்ணன் அன்று என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் "எல்லா டிஸ்க்கும் ஓடும் சார்" என்று சத்தியம் செய்து கொடுத்த பிளேயரும் ஓடவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் ஐந்நூறு ரூபாய் பிடித்தம் என்றார்கள். நாலு கடை தள்ளி ஒரு பையன், ரிமோட்டில் ஏதோ எண்களை அழுத்தி, மண்டலப் பூட்டையே எடுத்த பிளேயர் ஒன்றைக் கொடுத்தான். எதிரிலேயே போட்டும் காட்டினான். இனி சங்கத்துக்கு எது வாங்கினாலும் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவது. இதைத் தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் முதல் படம் போட்டோம். ரசிகர்களின் முதல் விமர்சனம் என்ன தெரியுமா? "ரெண்டு பக்கமும் கருப்பா இருக்கே, படத்தை வெட்டிட்டானுங்களா?" அந்தக் காலத்துப் படச் சட்டமே ஏறக்குறைய சதுரம், 1.37க்கு 1, அகலத் திரையில் போட்டால் ஓரம் காலியாகத்தான் இருக்கும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் யாரோ புரொஜெக்டரில் இழுத்துவிடும் பட்டனை அழுத்திவிட்டார்கள். எண்பது வயது சுனிபாலா தேவி, அந்த ஒடுங்கின கன்னத்துப் பாட்டி இந்திர், பூரி மாதிரி உப்பிப்போனார். நிறுத்தி, திட்டி, சரிசெய்து மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது புகார் அதற்கு நேர் எதிர். "இவ்ளோ துடைச்சு வைச்சா பழைய படம் மாதிரியே இல்லையே" என்றார் நம் மூத்த உறுப்பினர். அவர் தூர்தர்ஷனில் இதைப் பார்த்தவர், கோடும் கீறலும் மழையும் அவருக்குப் படத்தின் பகுதி. பக்கத்தில் இருந்த இளைஞரோ புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, இதையும் துடைத்திருக்கலாம் என்றார். அந்தப் புள்ளிதான் ஃபிலிம், அதைத் துடைத்தால் ஆட்களின் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும் என்று வாதாடியது நம் கல்யாண வீடியோ தம்பி. அவர் பேச்சை நான் இதுவரை இவ்வளவு கேட்டதில்லை. இருபது நிமிடம் ஓடியது சண்டை, யாரும் ஜெயிக்கவில்லை. எனக்கு மூத்தவர் கட்சியில் கொஞ்சம் இரக்கம் உண்டு, ஆனால் வாக்கு தம்பிக்குத்தான். குளத்துத் தண்ணீரில் பூச்சிகள் கோடு போட்டு ஓடுவதை நான் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன். பழைய பிரதியில் அது வெறும் சாம்பல் நிறம்.

மூன்றாவது புகாரில் நான் உண்மையாகவே பயந்துவிட்டேன். மகள் துர்கா இறந்தது தெரியாமல் அப்பா ஹரிஹர் வெளியூரிலிருந்து திரும்பி வந்து, வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, துர்காவுக்கு என்று ஒரு சேலையை நீட்டுகிறார். அம்மா சர்பஜயா அதை வாயில் கடித்து உடைந்து அழுகிறார். வாய் திறக்கிறது, அழுகைச் சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து, "சவுண்டு போச்சு, டிஸ்க் டூப்ளிகேட்!" என்று ஒரு குரல். இன்னொருவர் ஒயரை ஆட்டப் போய்விட்டார். ஒயரில் ஒன்றும் இல்லை ஐயா. அந்த அழுகைக்குப் பதிலாக ரே வேண்டுமென்றே தார் ஷெனாய் என்கிற, வில்லால் வாசிக்கும் கம்பிக் கருவியை வைத்தார், ரவிசங்கர் இசை, வாசித்தவர் தக்ஷிணா மோகன் தாகூர். அம்மாவாக நடித்த கருணா பானர்ஜியின் குரலை எடுத்துவிட்டு அந்தக் கம்பியைக் கதறவிட்டார்கள். இதைச் சொன்ன பிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டோம். ஒயரை ஆட்டியவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மொழிபெயர்ப்பு விவகாரம். டிஸ்க்கில் ஆங்கில வசன வரிகள்தான், தமிழ் இல்லை. ஓய்வு பெற்ற நம் வாத்தியார் பதினோரு பக்கம் தமிழில் எழுதி வந்து, படம் ஓடும்போதே மைக்கில் படித்தார். உழைப்புக்கு நன்றி. ஆனால் அவர் "இப்போது அக்கா தம்பியை அழைக்கிறாள்" என்று சொல்லி முடிக்கும்போது அக்கா செத்தே போய்விட்டாள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசுகிற ஊர் இது, புரியாத பாஷையைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டுப் பழகினவர்கள் நாம். அதனால் இரண்டாவது படத்திலிருந்து, தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கதைச் சுருக்கம், அப்புறம் மைக் ஆஃப் என்று முடிவானது. வாத்தியார் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை. இப்போது வந்துவிட்டார், முன் வரிசையில்தான் இருக்கிறார்.

அக்டோபரில் ‘அபராஜிதோ’. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய படம், நம்மிடம் பதினாலு பேர். காசி வீட்டு முற்றம் நிஜ வீடு இல்லை, கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து விழுகிற வெளிச்சம் மாதிரி ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செய்தார் என்று டிஸ்க்கில் இருக்கும் கூடுதல் பகுதிகளைப் பார்த்தபின் பேசிக்கொண்டோம். வீடியோ தம்பி மறுவாரமே ஒரு வளைகாப்பில் பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி கேட்டுக் கட்டி எடுத்துவிட்டார். ஆல்பம் எல்லாரும் பார்த்தீர்கள். கல்யாணப் பெண்களை இனி முகம் வெளுக்கிற விளக்கில் சாகடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், அதுவே போதும்.

நவம்பரில் மூன்றாவது படம் போட இருந்தோம். உமா தாஸ்குப்தா செய்தி வந்ததால் முதல் படத்தையே மறுபடி போட்டோம். இந்த முறை நாற்பது பேருக்கு மேல், நாற்காலி போதவில்லை. அக்காவும் தம்பியும் நாணல் பூக்களுக்கு நடுவே ஓடி ரயில் பார்க்கிற இடம். தந்திக் கம்பத்தில் காது வைத்துக் கேட்பார்கள். அந்த நாணலை முதல் நாள் படம் பிடித்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் மாடுகள் முழுக்க மேய்ந்துவிட்டிருந்தன, அடுத்த பூக்கும் காலம் வரை ரே காத்திருந்து மீதியை எடுத்தார். இதற்கு நம் பால்கார அண்ணன், "மாடு திங்காம, பின்ன ஷூட்டிங் பாக்குமா?" என்றார். சிரித்து முடித்த பிறகு ஒரு சின்னப் பெண் அம்மாவிடம் கேட்டாள், நம்ம ஊர்ல எங்க போய் ரயில் பாக்கறதும்மா என்று.

யாரும் பதில் சொல்லவில்லை. மாவட்டத் தலைநகரமாகி இருபது வருஷம் தாண்டியும் கிருஷ்ணகிரி டவுனில் ரயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குட்டி ரயில் வந்துகொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ராயக்கோட்டைக்கோ ஓசூருக்கோ குப்பத்துக்கோ போனால்தான். முதல் படத்தில் ரயில் அதிசயம், இரண்டாவதில் அது பிள்ளையைக் கூட்டிப் போய்விடுகிற வண்டி, அம்மா மரத்தடியில் உட்கார்ந்து சத்தம் மட்டும் கேட்கிறாள், மூன்றாவதில் அபு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறான். நமக்கோ பிள்ளைகளைக் கூட்டிப் போகிறது பெங்களூரு பஸ். ஆக, ஜனவரியில் பதினோரு பிள்ளைகளை வேனில் ராயக்கோட்டை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனோம். சினிமா சங்கத்துக்கு இது என்ன வேலை என்று ஒருவர் எழுத்தில் கேட்டிருக்கிறார். வேன் வாடகையை நானும் தலைவரும் கையிலிருந்து போட்டோம், சங்கக் கணக்கில் இல்லை.

டிசம்பரில் ‘அபுர் சன்சார்’. சௌமித்ர சாட்டர்ஜிக்கும் ஷர்மிளா தாகூருக்கும் முதல் படம். சிகரெட் பெட்டிக்குள் மனைவி சீட்டு எழுதி வைக்கிற இடத்தில் பெண்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டு உறுப்பினர்கள் புகைப்பதையே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள், வீட்டில் விசாரித்தால்தான் தெரியும்.

கணக்கு. முன்னிருப்பு 6,340. சந்தா 39 பேர், ஆளுக்கு 300, மொத்தம் 11,700. நன்கொடை 5,000. ஆக 23,040. செலவில் டிஸ்க் தொகுப்பு 7,250, பிளேயர் பிடித்தம் சேர்த்து 6,800, மாடி வாடகையும் கரண்டும் 4,800, டீ சுண்டல் 2,150. கையிருப்பு 2,040. சந்தா தராத எட்டுப் பேரின் பெயரைப் படிக்கச் சொன்னார் பொருளாளர் அண்ணன், நான் படிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் பதினாலாயிரம் போட்டது அதிகம் என்று பேச்சு இருக்கிறது. ஃபோனில் ஓசியில் கிடைக்கிறதாம். கிடைக்கலாம், நாளைக்கு எடுத்தும் விடலாம், யாரையும் கேட்கப் போவதில்லை. நம் அலமாரியில் இருப்பதை நாமே திருடினால்தான் உண்டு.

அங்கேதான் கடைசி விஷயம். டிசம்பருக்குப் பிறகு டிஸ்க்கை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று நானே சம்மதித்தேன், நோட்டில் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தேன். இப்போது பெட்டியில் இரண்டுதான் இருக்கின்றன. மூன்றாவது யாரிடம் என்று நோட்டில் உள்ள கையெழுத்தை எனக்கும் படிக்கத் தெரியவில்லை, வாத்தியாருக்கும் தெரியவில்லை. எடுத்தவர் அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குள் மேசை மேல் வைத்துவிடுங்கள், நான் அந்த நேரத்தில் கீழே டீக்கடையில் இருப்பேன்.