சினை மீன்களுக்கு வழிவிட வேண்டும்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செம்பரம்பாக்கம் ஏரியின் வரத்து வாய்க்கால்களிலும் அடையாற்றை ஒட்டிய ஓடைகளிலும் சிறு கெண்டை, அயிரை, கெளுத்தி போன்ற நாட்டு மீன்கள் சினையோடு புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறுகின்றன. கோடையில் குட்டைகளில் ஒதுங்கிக் கிடந்த இவற்றுக்கு, கலங்கிய மழைநீரும் அதன் குளிர்ச்சியும் உயரும் நீர்மட்டமுமே இனப்பெருக்கத்துக்கான அறிகுறிகள்; மூழ்கிய புல்லின் தாளில் சிறு கெண்டை ஒட்டவைக்கும் முட்டைகள், கடுகைவிடச் சிறியவை, ஓரிரு நாள்களிலேயே பொரிந்துவிடும். இந்தச் சில வாரங்கள் தவறினால் பெரும்பாலானவை அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆண்டில் பலமுறை முட்டையிட்டு, குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்கும் ஜிலேபி கெண்டைக்கு இந்த நெருக்கடி இல்லை. நம் நீர்நிலைகளில் அது பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இந்நிலையில், ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலின் கீழும் மதகடியிலும் கொசுவலை விரித்து, சினை மீனையும் குஞ்சையும் சேர்த்தே அள்ளுவது வேதனையளிக்கிறது. (தூண்டிலிட்டு வீட்டுக்கு நாலு மீன் பிடிப்பவரைச் சொல்லவில்லை.) மழைக்கு முன் தூர்வாருவது அவசியமே, எனினும் இரு கரைப் புல்லையும் இயந்திரத்தால் முழுதாகச் சுரண்டாமல் ஒரு கரையையாவது விட்டுவைக்கவும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொசுவலை விரிப்பதைத் தடுக்கவும் நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் ஆவன செய்ய வேண்டும்.

ஒரு வாசகர், போரூர், சென்னை.