கடைசி ஆளின் குரல்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பறக்கும் தட்டான டிஸ்க்கை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஆட்டத்தில் புதிய அணி ஒன்றைப் பழக்கும் பொறுப்பை நீ ஏற்றிருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். என் முழங்கால் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனாலும் பழையபடி கப்பில், அதாவது டிஸ்க் வைத்திருப்பவரைச் சூழும் மூவரில் ஒருவனாக, நின்று ஓட முடியாததால், இந்த ஆண்டு முழுவதும் டீப்பாக, எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசி ஆளாக, ஆடி வருகிறேன். நீ கேட்டிருக்கும் கேள்விக்கான விடை அந்த இடத்தில் நின்ற பிறகுதான் எனக்கே புலப்பட்டது.

காற்றடிக்கும் நாளில்கூட உங்கள் ஸோன், அதாவது ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் காவல் முறை, நான்கைந்து எறிகளில் உடைந்துவிடுகிறது என்றும், கப்பில் நிற்கும் மூவருக்கும் வேகம் போதவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். வேகம் குறையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் புறப்படுவதே தாமதமாகத்தான் இருக்கும். டிஸ்க், அதை எறிந்து நகர்த்தும் ஹேண்ட்லர் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பக்கவாட்டில் ஸ்விங் ஆகும்போது, அது கையில் விழுந்த பிறகு ஓடத் தொடங்கும் கப் எப்போதும் இரண்டு நொடி பின்தங்கியே இருக்கும். மார்க் செய்பவர், அதாவது எறிபவரை நேரடியாகக் காப்பவர், மூன்று மீட்டருக்குள் வந்தால்தான், எறிபவர் அதற்குள் எறிந்தாக வேண்டிய பத்து எண்ணிக்கையைத் தொடங்க முடியும் என்பதால், அந்த இரண்டு நொடியை எதிரணிக்கு நாமே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

ஸோன் எதற்காக என்பதை முதலில் அணிக்கு ஒரு கணக்காகச் சொல்லிப் பார். ஒவ்வொரு எறியும் நூற்றுக்கு 95 முறை பிடிபடும் என்று வைத்துக்கொண்டாலும், பத்து எறிகளைத் தொடர்ந்து பிடிக்க நூற்றுக்கு 60 வாய்ப்புதான் உண்டு. இருபது எறிகள் என்றால் அது 36 ஆகச் சுருங்கிவிடும். காற்று பலமாக இருந்தால் அந்த 95-உம் நிற்காது. ஆகவே டிஸ்க்கை உடனே பறிக்க வேண்டும் என்ற துடிப்பை அடக்கிக்கொண்டு, எதிரணியை இன்னும் ஒரு எறி, இன்னும் ஒரு எறி என்று பக்கவாட்டிலேயே எறிய வைத்தால் போதும். பொறுமை இல்லாதவர்களைக் கப்பில் நிறுத்தாதே; அவர்கள் நடுவில் கை நீட்டிப் பாய்ந்த இடைவெளி வழியாகத்தான் டிஸ்க் முன்னே போகும். மார்க் செய்பவரைத் தவிர மற்ற இருவரும் எறிபவரிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியையும் ஆரம்பத்திலேயே பழக்கிவிடு. அருகில் யாரையும் காக்காமல் அந்த எல்லைக்குள் நுழைந்தால் அது இரட்டை மார்க் என்ற விதிமீறல் ஆகிவிடும்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். குறுக்குக் காற்று வீசிய ஓர் ஆட்டத்தில், எதிரணி ஹேண்ட்லரை இடது எல்லைக்கோட்டில் அழகாக ட்ராப் செய்து மடக்கிவிட்டோம். பின்னால் நிற்பவருக்கு எளிய எறியாக டம்ப் கொடுக்க முடியாதபடி மார்க் செய்பவர் அடைத்து நின்றார். கோட்டோரம் போகும் எறியை அந்தப் பக்க ஓரத்தைக் காக்கும் எங்கள் விங் முன்னேறி வந்து மறித்துவிட்டார். எண்ணிக்கை ஏழைத் தாண்டியது. எல்லோர் கண்ணும் டிஸ்க்கின் மேல் இருந்தது, என் கண்ணும்தான். தூரத்து விங் நடுவுக்கு வெகுவாக ஒதுங்கி வந்துவிட்டதையும், அவர் முதுகுக்குப் பின்னால் எறியைப் பெற ஓடும் எதிரணிக் கட்டர் ஒருவர் வலது கோட்டை நோக்கி நழுவுவதையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். இந்தக் காற்றில் அவ்வளவு தூரம் எறிய மாட்டார்கள் என்று எண்ணி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். ஹேண்ட்லர் தலைக்கு மேலிருந்து எறிந்த ஹேமர் தலைகீழாகப் புரண்டு, கப்பின் தலைக்கு மேலே மிதந்து, மெதுவாகவே வந்தது. நான் ஓடிய ஓட்டத்துக்கு இரண்டு முழம் எட்டவில்லை. “பின்னால் வலது” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், தூரத்து விங் நான்கு அடி பின்வாங்கி அதை நின்ற இடத்திலேயே பிடித்திருப்பார்.

அன்றிலிருந்து நான் ஓயாமல் பேசுகிறேன். கப்பில் இருப்பவர்களுக்கு முதுகில் கண் இல்லை. கப்பின் இடைவெளிகளில் நழுவி வந்து எறி வாங்கும் எதிரணி போப்பர் எந்த இடைவெளியில் வந்து நிற்கிறார் என்பதை அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். “ஸ்விங்” என்ற குரல் எறிபவரின் தோள் திரும்பும்போதே எழுந்துவிட்டால், கப்பின் கால்கள் டிஸ்க்கோடு சேர்ந்தே புறப்படும். எங்கள் கப்பில் அதே மூவர்தான் இப்போதும் ஆடுகிறார்கள். பார்ப்பவர்கள் அவர்களுடைய வேகம் கூடிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கப்பைப் பிளந்து டிஸ்க் முன்னேறிவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பலரும் அங்கேயே நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். மூவரும் தலையைக் குனிந்துகொண்டு டிஸ்க்கைத் தாண்டிப் பின்னே ஓடி, மறுபடியும் அதன் முன்னால் கப் கட்ட வேண்டும். அதுவரை விங்குகளும் டீப்பும் அடுத்த எறியைத் தாமதப்படுத்தினால் போதும். ஐந்தாறு எறிகளுக்குப் பிறகு ஆளுக்கு ஆள் காவலுக்கு மாறும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அந்த மாற்றத்தை அறிவிக்கும் குரலும் ஒருவருடையதாகவே இருக்கட்டும். இருவர் கத்தினால் ஒரு ஆள் காவலின்றி நிற்பார்.

உங்கள் அணியில் உயரமானவரை டீப்பாக நிறுத்தியிருப்பதாக எழுதியிருந்தாய். அவர் ஆடுகளத்தில் பேசுபவரா என்பதை எழுதவில்லை. அடுத்த பயிற்சியில் டிஸ்க்கைப் பார்க்காமல் அவரை மட்டும் ஒரு பத்து நிமிடம் கவனித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
செல்வம்