வீட்டுக் குழந்தைப் பராமரிப்பாளர் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. முதலுதவிப் பயிற்சியில், மூச்சுக்குழல் அடைத்த கைக்குழந்தைக்கு முதுகில் தட்டுவதையும், வயிற்றை அமுக்காமல் நெஞ்சில் அழுத்துவதையும் பொம்மையை வைத்து எல்லோரும் செய்து பார்த்தோம்.

மற்றபடி இந்த ஆண்டு குழந்தைப் பாதுகாப்புக்கே போனது. காப்பகத்தில் வேலை செய்பவருக்கு, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறதோ என்று சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் மேற்பார்வையாளர் இருப்பார். நம் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நமக்குப் பக்கத்து அறையில் இருப்பது தூங்குகிற இன்னொரு குழந்தைதான். போதாததற்கு, சந்தேகம் யார்மேல் வருகிறதோ அவர் கையிலிருந்தே மறுநாள் காலை குழந்தையை வாங்க வேண்டும். அவர் தரும் கட்டணத்தில்தான் நம் குடும்பமும் ஓடுகிறது. "தப்பாக நினைத்துவிட்டால்?" என்ற தயக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

இதற்காகத் தொடங்கியதுதான் துணை உறுப்பினர் ஏற்பாடு. புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஒருவர் துணை. குழந்தையின் பெயரையோ குடும்ப அடையாளத்தையோ சொல்லாமல், பார்த்ததை மட்டும் சொல்லி அவரிடம் ஆலோசனை கேட்கலாம். புகாரைச் சங்கமே தெரிவித்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். செயற்குழு இதை ஏற்கவில்லை. கண்ணால் பார்த்தவர், காதால் கேட்டவர் நேரடியாகச் சொல்வதுதான் அதிகாரிகளுக்குப் பயன்படும். கைமாறும்போது விவரம் கரைந்துவிடும். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் துணை உறுப்பினரைத் தேட வேண்டாம், நேரே காவல்துறையை அழையுங்கள்.

குழந்தையிடம் பார்த்ததையும் கேட்டதையும் பதியும் குறிப்பேட்டை எழுதுவதற்கு இரண்டு பயிற்சிகள் தேவைப்பட்டன. நடக்கப் பழகும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம். காதிலோ கழுத்திலோ வயிற்றிலோ கன்றியிருந்தால் யோசிக்க வேண்டும். இன்னும் தவழாத குழந்தையின் உடலில் எங்கே கன்றியிருந்தாலும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். காலையில் வரும்போதே இருந்த காயத்தைத் தேதி, நேரத்துடன் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது நமக்கும் காப்பு. குழந்தை "மாமா இங்க கிள்ளுனாரு" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். "உறவினர் துன்புறுத்தியதாகத் தெரிகிறது" என்று எழுதினால் குழந்தையின் சொல் போய் நம் ஊகம்தான் மிஞ்சும். துருவிக் கேள்வி கேட்கவும் வேண்டாம், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். விசாரணை நம் வேலையல்ல.

வருகை குறைந்த கூட்டம் ஒன்று உண்டு: நம் சொந்த வீட்டாரைப் பற்றிய கூட்டம். கணவர், வளர்ந்த பிள்ளைகள், வந்து தங்கும் விருந்தினர் யாரானாலும் குழந்தைகளோடு தனியே விடக்கூடாது. அவர்கள் கைபேசியில் குழந்தைகளைப் படமெடுக்கக்கூடாது. இதைக் கேட்டுச் சிலருக்கு முகம் சுருங்கியது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 19-ஆம் பிரிவில், பெற்றோரிடமிருந்து மட்டுமல்ல, குழந்தையைப் பராமரிக்கும் வேறு எவரிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. அந்த 'வேறு எவரும்' நாம்தான். நம்மீதே புகார் வந்தால், பதறிப்போய்ப் பெற்றோரிடம் வாதாடாமல், உரிய அதிகாரிக்கு உடனே தெரிவித்துவிட்டுக் குறிப்பேட்டைக் கையில் எடுப்பதே வழி.

சேர்க்கைப் படிவத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம். குழந்தையின் நலனில் கவலை எழுந்தால் உரிய இடத்தில் தெரிவிப்பேன் என்பது ஒன்று. பெற்றோர் தரும் பட்டியலில் உள்ளவரிடம் மட்டுமே குழந்தையை ஒப்படைப்பேன் என்பது மற்றொன்று. முதல் நாளே பெற்றோர் படித்துக் கையெழுத்திட்டால் பிறகு மனக்கசப்பு குறையும். பழைய படிவத்தையே இன்னும் பயன்படுத்தும் உறுப்பினர்கள் இன்று புதியதை வாங்கிச் செல்லவும்.

பகல் பயிற்சிக்கு வர முடியவில்லை என்ற குறை நியாயமானது. குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது? வரும் ஆண்டு எல்லாப் பயிற்சிகளும் மாலையில்தான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்