இன்னொரு ஃபாஸ்டர் அம்மாவுக்கு

எங்களுக்காக நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

தீர்ப்பு வந்துவிட்டது. அரசு எங்களிடம் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்த ஃபாஸ்டர் குழந்தையைத் துன்புறுத்தினோம் என்று எழுதிய முடிவை ரத்து செய்து, குழந்தைகளைத் துன்புறுத்தியவர்கள் என்று மாநிலம் வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து எங்கள் பெயரை எடுக்கச் சொல்லி நிர்வாக நீதிபதி உத்தரவு போட்டிருக்கிறார். படித்து முடித்ததும் இவர் எதுவும் பேசாமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். நான் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் கை நடுக்கம் முழுசாக நிற்கவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்பதை மறுபடி எழுதப்போவதில்லை. உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு நான் சொல்லவும் கூடாது. ஃபாஸ்டர் குழந்தையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற விதி, எங்கள் மேல் புகார் வந்ததால் இல்லாமல் போய்விடவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட இங்கே எழுத மாட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் முதலில் ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப்போவதும் இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்களிடமிருந்து கூட்டிப்போன குழந்தையைக் கொண்டுபோய் விட்ட வீட்டின் ஃபாஸ்டர் அம்மா அவர்.

அந்த நாட்களில் குழந்தைகள் நல ஏஜென்சியிலிருந்து வரும் கேஸ் வொர்க்கரின் கார் வாசலில் நின்றாலே வயிற்றைப் பிசையும். அன்றைக்கும் ஏதோ கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கோடுபோட்ட நோட்டுத்தாளை எடுத்தார். "மேலே கேட்டு அனுமதி வாங்கிவிட்டுத்தான் கொண்டுவந்தேன்" என்று சொல்லி நீட்டினார். பின்பக்கத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கிறுக்கல். அது யார் கை என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கத்தில் பென்சிலில் சில கேள்விகள்.

குளிக்கத் தொட்டியில் இறங்க மாட்டேன் என்கிறது, பயம் தண்ணீருக்கா, குழாய்ச் சத்தத்துக்கா? தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைக்கிறது, எடுத்துவிடட்டுமா, இருக்கட்டுமா? ராத்திரி எழுந்தால் தூக்கலாமா, இல்லை பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமா? கடைசியில் ஒரு வரி: "உங்களுக்குத்தான் தெரியும் என்பதால் கேட்கிறேன்."

அதுவரை எல்லாக் காகிதத்திலும் நான் "துன்புறுத்தியதாகக் கூறப்படுபவர்". படிவத்தில் அப்படித்தான் போடுவார்கள், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பெண்மணிக்கும் அதே தகவல்தான் கிடைத்திருக்கும். என்னைப் பற்றிக் கெட்டது மட்டுமே கேள்விப்பட்டவர், குழந்தையைப் பற்றி என்னிடம் கேட்டார்.

சமையலறை மேஜையிலேயே நின்றபடி பதில் எழுதினேன். சத்தத்துக்குத்தான் பயம், தொட்டியை முதலில் நிரப்பிக் குழாயை மூடிவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள், கையில் ஒரு டம்ளர் கொடுங்கள். பிஸ்கட்டை எடுக்காதீர்கள். பசியோடு இருந்து பழகிய பிள்ளைகள் சேர்த்து வைக்கும், அது திருட்டு இல்லை. மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் நீயே திறந்து எடுத்துக்கொள் என்று சொல்லுங்கள். டப்பா காலியாகாது என்று நம்பிக்கை வந்துவிட்டால் தலையணையைத் தேடாது. ராத்திரியில் தூக்க வேண்டாம், கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தால் போதும். எழுதிக்கொண்டே போனேன், கேஸ் வொர்க்கர் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். அவருக்கும் நன்றி.

அந்தத் தாளை ஹியரிங்கில் சான்றாகக் கொடுக்கலாமா என்று வக்கீல் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த அம்மா வழக்குக்காக எழுதவில்லை. அவரையும் இழுத்து வந்து சாட்சிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. தாள் என்னிடம்தான் இருக்கிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை வந்த அன்றே உடம்பு முழுக்கப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்த மருத்துவர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு சாட்சி சொல்ல வந்த டேகேர் டீச்சர். "தினமும் எழுது, சலிப்பா இருந்தாலும் எழுது" என்று எங்களைத் தினக்குறிப்பு எழுதப் பழக்கிய மூத்த ஃபாஸ்டர் தம்பதி. எங்கள் மகளை எப்போதும்போல் விளையாடக் கூப்பிட்ட அத்தனை வீட்டாரும். கூப்பிடாமல் விட்டவர்கள் மேலும் வருத்தம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

"போலீஸ் கேஸ் இல்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு பாடு?" என்று பலர் அக்கறையோடு கேட்டீர்கள். அப்போது பதில் சொல்லத் தெம்பில்லை. அமெரிக்காவில் இது குற்றவியல் வழக்கு இல்லைதான். விசாரித்த ஏஜென்சியே முடிவும் எழுதும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. பல மாநிலங்களில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக நம்பும்படி இருந்தால் போதும். நியூயார்க்கில் 2022 பிறக்கும்வரை அதைவிடக் குறைவான சான்றே போதுமானதாக இருந்தது. பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், ஃபாஸ்டர் செய்யவோ தத்தெடுக்கவோ விண்ணப்பிக்கும்போதெல்லாம் அது எழுந்து நிற்கும். 2006இல் வந்த மத்தியச் சட்டப்படி, கடந்த ஐந்து வருடத்தில் குடியிருந்த ஒவ்வொரு மாநிலத்தின் பதிவேட்டையும் பார்ப்பார்கள், வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து. மாநிலம் மாறிப் போய்த் தப்பிக்கிற விஷயம் இல்லை.

புகார் கொடுத்தவர் யார் என்று நான் தேடவில்லை, தேடவும் மாட்டேன். தவறாக இருந்தாலும் பரவாயில்லை என்று யாரோ போனை எடுப்பதால்தான் எத்தனையோ குழந்தைகள் பிழைக்கின்றன. எங்களிடம் வந்த குழந்தையே அப்படிப் பிழைத்து வந்ததுதான். என் ஆதங்கம் எல்லாம், கோப்பில் ஏற்கெனவே இருந்த மருத்துவர் குறிப்பை முடிவு எழுதும் முன் யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதில்தான்.

குழந்தை எங்களிடம் திரும்பி வரவில்லை. தீர்ப்பு பெயரை மீட்டுத் தரும், பிள்ளையைத் தராது. இப்போது சொந்த உறவினர் வீட்டில் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அங்கே இருப்பதுதான் நியாயமும். இதை எழுதும்போது தொண்டை அடைக்கிறது என்பது வேறு.

மறுபடி ஃபாஸ்டர் செய்வோமா என்று கேட்கிறீர்கள். இவர் இன்னும் பதில் சொல்லவில்லை. செய்தால், ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். வருகிற குழந்தை எந்த வீட்டிலிருந்து வந்தாலும், அந்த வீட்டார் மேல் என்ன எழுதியிருந்தாலும், கேஸ் வொர்க்கர் வழியாக நானும் கேள்வி எழுதி அனுப்புவேன். அந்த எழுத்து உண்மையாகவே இருக்கலாம், தெரியும். இருந்தாலும் அந்தக் குழந்தை எதற்குப் பயப்படும், எப்படித் தூங்கும் என்று அவர்களுக்குத்தானே தெரிந்திருக்கும்.

கடைசியாக, உங்களில் யாருக்காவது எங்களுக்கு வந்ததுபோல் ஏஜென்சியின் முடிவைச் சொல்லும் கடிதம் வந்திருந்தால், அழுது முடிக்கும்வரை அதை ஓரமாக வைக்காதீர்கள். மேல்முறையீட்டு உரிமை உண்டு. மத்திய நிதி வாங்கும் மாநிலங்கள் அதற்கு வழி வைத்திருக்க வேண்டும் என்று 1996இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் சில வாரங்கள்தான் இருக்கும். கடிதத்தின் தேதியைப் பாருங்கள், மேல்முறையீட்டை எழுத்தில் கொடுங்கள், கோப்பின் நகலையும் எழுத்திலேயே கேளுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, எடுப்பேன்.