பட்டிக்கு முன்னால் ஒரு டார்ச்: டிங்கரிங், பெயின்டிங் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் டூவீலர் மெக்கானிக். பழைய வண்டி வேலைதான் அதிகம்: யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட். உங்கள் கைவேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தே பெட்ரோல் டேங்கில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று நீங்கள் சொல்வதை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பளபளவென்று வந்து ஏறிய டேங்கோடு அதே வண்டி கொஞ்ச நாளில் என் கடைக்குத் திரும்பி வருகிறது. "ஸ்டார்ட் ஆகுது, ஓட்டினா நின்னுடுது" என்பார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால் கிண்ணத்தின் அடியில் செக்கச்செவேலென்று துருத்தூள். பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் சரியாக உட்காராமல் பெட்ரோல் வழிகிறது, பெட்ரோல் போகும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. திட்டு எனக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். பட்டி பார்ப்பதற்கு, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை பூசுவதற்கு முன்னால், டேங்கு மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் அதை எடுத்த பிறகு வெளிவேலையில் கை வையுங்கள்.

துரு எங்கே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்தே நிற்கும் வண்டியில் இடதுபக்க அடி மூலைதான் முதலில் போகும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் மேல்சுவரும் வியர்த்துத் துருப்பிடிக்கும். யெஸ்டி ரோட்கிங், ராஜ்தூத்தில் பெட்ரோலோடு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) கலந்து ஊற்றியதால் உள்சுவரில் மெல்லிய ஆயில் படலம் நின்றது. ஆர்எக்ஸ் 100க்கு ஆயில் தனி டப்பாவில், அதனால் அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். 2015லும் 2023லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெயின்ட் அடித்த பிறகு உள்ளே சுத்தம் செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். முடியாது. ஆசிட் ஒரு சொட்டு வழிந்தால் புது பெயின்ட் போச்சு. அதைவிட முக்கியம், துருதான் பல டேங்குகளில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும் அடி விளிம்பில் ஊசிமுனை ஓட்டைகள் வெளியே தெரியும். அவற்றைப் பற்றவைக்க வேண்டிய நேரம் பெயின்டுக்கு முன்னால்தான். "நல்லா இருந்த டேங்கை ஓட்டையாக்கிட்டீங்க" என்று கஸ்டமர் சண்டைக்கு வருவார். அதனால் முதலிலேயே அவரையும் கூப்பிட்டு டார்ச் வெளிச்சத்தில் காட்டிவிடுங்கள்.

எப்படி எடுப்பது? பாத்ரூம் ஆசிட் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், கழுவிய சில நிமிடத்திலேயே மறுபடி மஞ்சள் பூக்கும். உதிரும் செதிலாக இருந்தால் பழைய செயினைப் போட்டுக் குலுக்குங்கள். நட்டு, போல்ட்டு போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், செயின் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். அப்புறம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊற வைத்தால் லேசான துரு போய்விடும். பிறகு சோடா உப்புத் தண்ணீரால் கழுவி, உடனே புளோயர் வைத்துக் காயவைத்து, கொஞ்சம் 2டி ஆயிலை ஊற்றி உருட்டிவிட வேண்டும். அந்த 'உடனே' தவறினால் செய்ததெல்லாம் வீண்.

கெட்டித் துருவுக்கு கரண்ட்தான் சரி. டேங்கில் தண்ணீர் நிரப்பி லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் டேங்கில், பாசிட்டிவ் மூடி வழியாகத் தொங்கும் இரும்புக் கம்பியில். கம்பி எங்கும் தகட்டில் படக்கூடாது. வயரை மாற்றிக் கொடுத்தால் கரைவது டேங்கு! எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதிலிருந்து வரும் குரோமியம் விஷம். குமிழியாக வருவது ஹைட்ரஜன், எனவே திறந்தவெளியில் வையுங்கள். பீடிக்கு அன்று தூரமாகப் போய்விடுங்கள்.

ஒடுக்கு எடுப்பதில் உங்களுக்கு நான் பாடம் நடத்த முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஓட்டைகளையெல்லாம் அடைத்துக் காற்றடித்து உப்ப வைக்கிற வேலை வேண்டாம். ஒடுக்கு வெளியே வருவதற்குள் அடியில் சேஸிஸ் குழாய் நுழையும் பள்ளமான டனல் விரிந்து, டேங்கு சேஸிஸில் உட்காராமல் போகும், வெடிக்கவும் கூடும். வாஷர் பற்றவைத்து ஸ்லைடு ஹேமரில் (ஒடுக்கை வெளியே இழுக்கும் சுத்தியல்) மெல்ல இழுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பட்டி போதும். பட்டி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் என்ஜின் அதிர்வில் என்றைக்காவது விரிசல் விடும். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாங்க வருகிறவர்களும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள்.

வெல்டிங் பற்றி இன்னும் அழுத்தியே சொல்கிறேன். காலி டேங்கு நிறைந்த டேங்கைவிட ஆபத்து. காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குப் பெட்ரோல் ஆவி இருந்தாலே பற்றும். அது காற்றைவிடக் கனம், மூடியைத் திறந்து வெயிலில் வைத்தால் போய்விடாது. துருச் செதிலுக்குள் ஊறியிருக்கும் பெட்ரோல் சூடுபட்டதும் மறுபடி ஆவியாகும். வாசனை வரவில்லையே என்று நம்பி நெருப்புக் காட்டாதீர்கள். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, வெல்டிங் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச இடத்தில் தீப்பிடிக்காத வாயுவான ஆர்கானோ கார்பன் டை ஆக்சைடோ விட்ட பிறகு பற்றவையுங்கள். இதற்கும் உள்துரு போயிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கெல்லாம் கூலி யார் தருவார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு கேட்கக் கூச்சமாக இருக்கும். பில்லில் 'டேங்கு உள்சுத்தம்' என்று தனி வரி போடுங்கள். வேண்டாம் என்பவரிடம், கார்புரேட்டர் வேலை வந்தால் நான் வாங்கப்போகும் கூலியையும் சொல்லிவிடுங்கள். பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் டேங்குக்கும் பெயின்ட் அடியுங்கள், ஆனால் உள்ளே துரு இருக்கிறது என்று அந்த பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். டேங்கை என் கடைக்கு அனுப்பும்போது பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பை மாட்டாமல் தனியாகக் கவரில் போட்டு அனுப்புங்கள். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, வடிகட்டியைக் கழுவி, புது வாஷரோடு நானே மாட்டிக்கொள்கிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக்